ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு பிழைத்திருக்க மூன்று பாதைகள்: நான் ஏன் 1906-ஐத் தேர்ந்தெடுத்தேன்

மாற்று வரலாற்றுக் குறுநாவல் ஒன்றுக்காக, ஒரே மன்னரின் கீழ் ஆஸ்திரியா, ஹங்கேரி என்ற இரு பாதிகளாக இயங்கி 1918-இல் சிதறிய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு எந்த இடத்தில் திசைமாறியிருந்தால் அந்த ஆண்டைத் தாண்டியிருக்கும் என்பதை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. முன்னிருந்த மூன்று பாதைகளில், அதிகம் பேசப்படாத மூன்றாவதையே, அதாவது ஹங்கேரியில் 1906-இல் கைவிடப்பட்ட வாக்குரிமைச் சீர்திருத்தத்தையே, எடுத்துக்கொண்டேன்.

முதல் இரண்டும் பலரும் அறிந்தவை. ருமேனிய அரசியல் எழுத்தாளர் ஆரெல் பொபோவிச் 1906-இல் முன்வைத்த திட்டப்படி, பேரரசு மொழிவாரியாக 15 மாநிலங்கள் கொண்ட கூட்டாட்சியாகும். மற்றது, குரோவேஷிய நகரான ஸாக்ரெப்பை மையமாகக் கொண்டு, குரோவேஷியர் போன்ற தென் ஸ்லாவியருக்கு ஆஸ்திரியா, ஹங்கேரிக்கு இணையான மூன்றாவது அரசு ஒன்றை அமைப்பது (மும்முடியாட்சி). பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் இரண்டையுமே எண்ணிப்பார்த்தவர் என்பதால், 1914-இல் அவர் கொல்லப்பட்ட சரயேவோவில் உயிர்தப்பினார் என்றுதான் இத்தகைய கதைகள் வழக்கமாகத் தொடங்கும்.

வரைபடத்தில் இரண்டும் அழகானவை. ஆனால் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட் ஏன் இசைய வேண்டும்? ஹங்கேரியின் மன்னராக முடிசூடுபவர் அந்நாட்டின் எல்லைகளைக் குறைவின்றிக் காப்பதாக உறுதிமொழி ஏற்க வேண்டும். பொபோவிச்சின் திட்டம் ஹங்கேரியைத் துண்டாடுகிறது. மும்முடியாட்சியோ ஹங்கேரிய முடியின் கீழிருந்த குரோவேஷியாவைப் பிரித்தெடுக்கிறது. கடைசிப் பேரரசர் கார்ல் 1916 டிசம்பரில் அந்த உறுதிமொழியை ஏற்றார். பேரரசு கைநழுவிக்கொண்டிருந்த 1918 அக்டோபரில் அவர் அறிவித்த கூட்டாட்சிகூட ஆஸ்திரியப் பாதிக்கு மட்டுமே பொருந்தியது. உயிர்போகும் நேரத்திலும் தொட முடியாத ஒன்றை, ஒருவருக்கொருவர் உறவினர்களான பிரபுக்கள் நிறைந்த ஹங்கேரிய நாடாளுமன்றத்தை எதிர்த்து ஃபெர்டினாண்ட் மட்டும் அமைதியாகச் சாதித்திருப்பார் என்று நம்ப என்னால் இயலவில்லை.

ஆகவே எல்லையைத் தொடாமல் வாக்காளரை மாற்றும் பாதையே எனக்கு உகந்ததாகப் பட்டது. 1905-இல் ஹங்கேரியத் தேர்தலில் வென்ற கூட்டணி, இரு பாதிகளுக்கும் பொதுவான ராணுவத்தின் ஹங்கேரியப் படைப்பிரிவுகளில் ஏறத்தாழ 80 ஜெர்மன் கட்டளைச் சொற்களுக்குப் பதிலாக மகியார் (ஹங்கேரிய மொழி) சொற்கள் வேண்டும் என்று அடம்பிடித்தது. பேரரசர் ஃபிரான்ஸ் யோசப் மறுத்து, தளபதி ஃபெயர்வாரியைப் பிரதமராக்கினார். உள்துறை அமைச்சர் கிரிஷ்டோஃபி, கூட்டணியைப் பணியவைக்க, பிரபுக்களின் பெரும்பான்மையைக் கரைத்துவிடக்கூடிய, அனைத்து ஆண்களுக்கும் வாக்குரிமை என்ற அஸ்திரத்தை எடுத்தார். அப்போது ஹங்கேரிய மக்களில் சுமார் 6 விழுக்காட்டினரே வாக்காளர்கள். ஏறத்தாழ 29 லட்சம் ருமேனியர்கள் வாழ்ந்தும் அவர்களின் நாடாளுமன்ற உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1905 செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் முன் திரண்ட புடாபெஸ்ட் தொழிலாளர்கள் கேட்டதும் இந்த உரிமையையே. மிரண்டுபோன கூட்டணி 1906 ஏப்ரலில் ராணுவக் கோரிக்கையைக் கைவிட்டுப் பதவியேற்றது. அஸ்திரமும் உறைக்குள் போயிற்று. என் கதையில் அது எய்யப்படுகிறது.

இதிலும் ஓட்டைகள் உண்டு. வாக்குரிமையை அரசாணையால் திணிப்பதும் சட்டமீறலே. ஆஸ்திரியப் பாதியில் 1907-இலேயே ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்தும், செக்-ஜெர்மானியப் பூசலால் வியன்னா நாடாளுமன்றம் முடங்கி, 1914 மார்ச்சில் மூடப்பட்டது. புடாபெஸ்டிலும் அதுவே நேர்ந்திருக்கலாம். இந்த மாற்றம் உலகப் போரைத் தவிர்த்திருக்குமா என்பதில் எனக்கு உறுதியில்லை. ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறை இரு பாதிகளும் புதுப்பிக்க வேண்டிய பொருளாதார உடன்பாடு 1917-இல் மேசைக்கு வந்தபோது, எதிரே நிலப்பிரபுக்களுக்குப் பதிலாகக் குடியானவர்களின் பிரதிநிதிகள் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் தானியச் சுங்கவரியைவிட நிலப் பங்கீட்டையே முதலில் கேட்டிருப்பார்கள் என்பது என் கணிப்பு.