உப்புக்காற்றில் இரண்டு ஏர் பிஸ்டல்: எச்.டபிள்யூ. 45-ம் கிளாக் 17-ம்

அசல் கிளாக் 17 என்பது 9 மி.மீ. துப்பாக்கி. நம் ஆயுதச் சட்டப்படி அது தடை செய்யப்பட்ட ரகம். ஆசைப்பட்டாலும் சாதாரண ஆளுக்கு உரிமம் வராது. அதனால் கைத்துப்பாக்கிப் பிரியர்களின் பழசா புதுசா என்ற வழக்கு நம் ஊரில் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலில்தான் நடக்கிறது. இங்கே எடுத்துக்கொண்ட இரண்டும் குண்டின் ஆற்றலுக்குச் சட்டம் வைத்த 20 ஜூல் வரம்புக்கு வெகு கீழே இருப்பவை, உரிமம் தேவைப்படாதவை. வாங்கும்போது அடையாள அட்டை நகலைக் கொடுத்து ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பக்கம், ஜெர்மனியின் வைராக் கம்பெனி செய்யும் எச்.டபிள்யூ. 45. உருவம் 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட பிரௌனிங் பிஸ்டலின் சாயல். ‘1911’ என்றே பெயர் பெற்ற அந்தப் பிஸ்டலுக்கு விற்கும் கைப்பிடித் தகடுகள் இதிலும் பொருந்தும். முழுக்க உலோகம், எடை ஒரு கிலோவுக்கு மேல். புதிய பக்கம், உமரெக்ஸ் விற்கும் கிளாக் 17-ன் கேஸ் பிஸ்டல். பிரேம் (கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டம்) பாலிமர், அதாவது பிளாஸ்டிக்; ஸ்லைடு (முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம்) வார்ப்பு உலோகம்; குண்டு நிரப்பும் மேகசினுக்குள் 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி.

பாலிமர் என்றதும் விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட அசல் கிளாக்கின் பிரேமும் நைலான்தான். ஸ்லைடு ஓடுவதற்கான எஃகுத் தண்டவாளத் துண்டுகளை அச்சில் வைத்து, உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தி ஊற்றினால் பிரேம் வந்துவிடுகிறது. 1911-க்கு எஃகுக் கட்டியை அடித்து, மணிக்கணக்கில் கடைந்து எடுக்க வேண்டும். விலை இறங்கியதற்கும் எடை குறைந்ததற்கும் இதுதான் காரணம்.

ராமநாதபுரம் கடலோரத்தில், மண்டபத்திலும் தொண்டியிலும் கேட்கிற கேள்வி வேறு: “துரு பிடிக்காதில்ல?” 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே ஆயுசு முழுக்கப் பெயிண்ட் அடித்து அடித்துத்தான் காப்பாற்றினார்கள். பாலிமர் பிரேமுக்குத் துரு கிடையாது, சரி. ஆனால் துருப் பிடிப்பது பிரேம் இல்லையே, மற்ற பாகங்கள்தான். ஸ்பிரிங், பின், திருகு, மேகசின் வாய் எல்லாம் எஃகு. வார்ப்பு ஸ்லைடில் பெயிண்ட் உரிந்த இடத்தில் சிவப்புத் துரு வராது, வெள்ளையாகப் பூத்துப் பொடி உதிரும். குண்டாகப் போடும் 4.5 மி.மீ. பால்ரஸும் இரும்புதான். டப்பாவைத் திறந்து வைத்தால் வாடைக்காற்று மாதங்களில் மேலே பழுப்பு ஏறிவிடும். அந்தக் குண்டைப் போட்டால் குழல் கீறும்.

அதைவிடப் பெரிய தொல்லை வெயில். கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரி வரைதான் குப்பிக்குள் திரவமாக இருக்கும். அதைத் தாண்டினால் திரவம் என்று ஒன்றே கிடையாது, அழுத்தம் மடமடவென ஏறும். இங்கே சித்திரை மாதம் நிழலிலேயே அந்தச் சூடு உண்டு. அழுத்தம் மிஞ்சினால் துப்பாக்கியின் சுத்தியலால் (ஹேமர்) கேஸ் வால்வைத் தள்ள முடியாது. ட்ரிகரை இழுத்தால் ‘டிக்’ என்று மட்டும் கேட்கும். கெட்டுப்போச்சு என்று கழற்ற ஆரம்பிக்காதீர்கள், நிழலில் ஆறவிடுங்கள், போதும். குப்பிகளைப் பூட்டிய காருக்குள் விடவே கூடாது. வேகமாகச் சுட்டால் நேர்மாறு: கேஸ் குளிர்ந்து வேகம் இறங்கும், குண்டு தாழ்ந்து விழும். ஒரு குப்பிக்கு 40-லிருந்து 60 தடவை சுடலாம், கடைசிப் பத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

குப்பி மாட்டும்போது கழுத்தில் ஒரு சொட்டு சிலிக்கோன் எண்ணெய் விடுங்கள். ‘புஸ்’ என்று துளை விழுந்ததும் இறுக்குவதை நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் வாசர் வெட்டுப்படும். சுட்டு முடித்ததும் மிச்ச கேஸை விட்டுக் குப்பியைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்டால் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் கேஸை உறிஞ்சி ஊதிப்போகும். ‘வாங்கி ரெண்டு மாசத்துல கேஸ் நிக்கல’ என்ற புகார் பெரும்பாலும் இதுதான்.

எச்.டபிள்யூ. 45-க்குக் கேஸும் வேண்டாம், வெயிலும் பொருட்டில்லை. சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால் மேல்பாகம் விடுபடும். அதைத் தூக்கி முன்னால் வளைத்தால் ஸ்பிரிங் ஏறும். பாதியில் நிறுத்தினால் குறைந்த வேகம், முழுக்கக் கொண்டுபோனால் அதிக வேகம். பெல்லட் (ஈயக் குண்டு) வைக்கும்போது மேல்பாகத்தை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். பிடி நழுவி ஸ்பிரிங்கும் விடுபட்டால் விரல் நசுங்கும். ட்ரிகர் அருமை, எந்த இடத்தில் விடுபட்டுச் சுடும் என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரியும். கிளாக்கின் ட்ரிகர் இதன் பக்கத்தில் சவசவ. ஆனால் ஸ்பிரிங் ஓடும்போது, பெல்லட் குழலை விட்டுப் போகும் முன்பே, துப்பாக்கி குலுங்கும். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் குறி சிதறும். தளர்வாக, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பிடிக்கப் பழக வேண்டும். அரை கிராம் எடையுள்ள தட்டைத்தலை ஈயப் பெல்லட்டும் வரிப்பள்ளம் உள்ள குழலும் சேரும்போது, பத்து மீட்டரில் குறி அட்டையின் நடுக்கறுப்பு கைக்கு எட்டும். மொழுமொழுக் குழலில் பால்ரஸ் ஓடும் கிளாக்குக்கு ஐந்தாறு மீட்டர்தான் மரியாதை. பால்ரஸ் தெறித்துத் திரும்பி வரும், கண்ணாடி போடாமல் சுடாதீர்கள்.

பழசை இங்கே கெடுப்பது பராமரிப்புதான். துருவுக்குப் பயந்து தேங்காய் எண்ணெய் பூசுவார்கள், நாளானால் அது கெட்டுப்போகும். சிலிண்டருக்குள் மிஷின் ஆயில் விட்டால் அழுத்தச் சூட்டில் பற்றி வெடித்து, காற்றை அடைக்கும் சீல் வளையத்தைத் தின்றுவிடும். வெளியே மட்டும் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடையுங்கள், வியர்வைக் கை பட்ட அன்றே. தோல் உறையிலோ பெட்டி ஸ்பாஞ்சிலோ போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். சிலிக்கா ஜெல்லோடு பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

சுடக் கற்றுக்கொள்ள எச்.டபிள்யூ. 45. கழற்றி மாட்டி, ஸ்லைடு முன்னும் பின்னும் ஓடுவதை ரசிக்க கிளாக். கடலோரம் என்பதற்காக மட்டும் பாலிமரை எடுப்பது வீண்.

கிளாக் வாங்கினால் இன்னொன்று: பத்தடி தள்ளிப் பார்ப்பவருக்கு அது அசல்தான். மண்டபத்தில் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், கரையெங்கும் மரைன் போலீஸ். தனுஷ்கோடி மணலில் வைத்து போட்டோ எடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். கொக்கு, நாரை மேல் குறி வைப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம், எந்தத் துப்பாக்கியானாலும். எதை எடுத்தாலும் சீல், ஓ-ரிங் ஒரு செட்டை அதே பில்லில் சேர்த்து வாங்கிவிடுங்கள், பிறகு ராமநாதபுரம் கடைத்தெருவில் அதைத் தேடிப் பயனில்லை.