ஃப்யூச்சுராமா பழைய டிவிடி செட்: நிறுத்தி நிறுத்தி பாக்கறவங்களுக்கு மட்டும்

முதல்லயே சொல்லிடறேன், ஃப்யூச்சுராமாங்கற அமெரிக்க கார்ட்டூன் சீரிஸோட முதல் நாலு சீசன் டிவிடி செட் எங்கயாவது கண்ணுல பட்டா ரொம்ப யோசிக்காம எடுத்துருங்க. 72 எபிசோட், 15 டிஸ்க். ஸ்ட்ரீமிங்ல ஒருவாட்டி ஓட்டிட்டு "காமெடி நல்லாருக்கு"ன்னு போனவங்க நிறைய பேர எனக்கு தெரியும், அவங்க சொல்றது தப்பில்ல, ஆனா இந்த சீரிஸ்ல பாதி விஷயம் பின்னாடி செவுத்துல, கதவு நம்பர்ல, கப்பலோட பக்கவாட்டுல ஒளிஞ்சு உக்காந்திருக்கு, அத நிறுத்தி பாக்காதவங்களுக்கு பாதி சீரிஸ் கணக்குலயே வராது.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. மேட் க்ரோனிங்கும் டேவிட் எக்ஸ். கோஹனும் சேந்து பண்ணது, 1999 மார்ச் 28 அமெரிக்காவுல மொத எபிசோட். ஃப்ரைன்னு ஒரு பீட்சா டெலிவரி பையன் 1999 டிசம்பர் 31 ராத்திரி உறைய வைக்கற பெட்டிக்குள்ள விழுந்து ஆயிரம் வருஷம் கழிச்சு எந்திரிக்கறான், ஒத்தக்கண்ணு கேப்டன் லீலா, திருட்டு ரோபோ பெண்டர், இவங்களோட ஒரு டெலிவரி கம்பெனில வேலைக்கு சேர்றான். எழுதின ஆளுங்க யாருன்னு தெரிஞ்சாதான் மத்தது புரியும்: கோஹன் ஹார்வர்ட்ல ஃபிசிக்ஸ், பெர்க்லில கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ். இன்னொருத்தர் கென் கீலர், ஹார்வர்ட்ல அப்ளைட் மேத்ஸ்ல பிஎச்டி. இப்படிப்பட்டவங்க ஒரு கதவுக்கு நம்பர் போட்டா அது சும்மா போட்ட நம்பரா இருக்காது.

நான் வாங்கினது இங்க டர்பன்ல பழைய புக்கும் ரெக்கார்டும் டிவிடியும் கலந்து விக்கிற ஒரு சின்ன கடையில, நாலு சீசனும் சேத்து 400 ராண்ட். வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. பெட்டி பின்னாடி ரீஜன் 2ன்னு போட்டிருக்கணும், தென்னாப்பிரிக்காவுல விக்கற ப்ளேயர் எல்லாம் அதுக்குதான் செட் ஆயிருக்கும், அமெரிக்காவுலேந்து யாராவது கொண்டுவந்த ரீஜன் 1 செட்டுன்னா சாதா ப்ளேயர்ல ஓடாது, வீட்டுக்கு போய் தலைல கைவைக்க வேண்டியதுதான். ரெண்டாவது, ஒவ்வொரு டிஸ்க்கையும் வெளிய எடுத்து லைட்டுல சாச்சு பாருங்க. எனக்கு மூணாவது சீசன்ல ஒரு டிஸ்க் கீறலோட வந்துச்சு, ஒரு எபிசோட் நடுவுல மாட்டி மாட்டி நிக்குது, கடைக்காரர்கிட்ட கேட்டா பழைய சரக்குக்கு மாத்து கிடையாதுன்னுட்டார். அங்கயே பாத்திருந்தா பிரச்சினை இல்ல.

சரி, உள்ள என்ன இருக்குன்னு வருவோம். தமிழங்க நமக்கு இதுல ஒரு தனி சந்தோஷம் இருக்கு, அது 1729.

கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் இருந்தாலும் சொல்றேன். ராமானுஜன் லண்டன் பக்கம் பட்னில ஆஸ்பத்திரில படுத்திருக்கார், பாக்க வந்த இங்கிலீஷ் கணித மேதை ஹார்டி, நான் வந்த டாக்ஸி நம்பர் 1729, ஒரு சுவாரசியமும் இல்லாத நம்பர்ங்கறார். ராமானுஜன் உடனே இல்லவே இல்ல, ரெண்டு க்யூபோட கூட்டலா ரெண்டு விதமா எழுதக்கூடிய ரொம்ப சின்ன நம்பர் அதுதான்ங்கறார். க்யூப்னா அதே நம்பர மூணு தடவ போட்டு பெருக்கறது. 1-ஓட க்யூபும் 12-ஓட க்யூபும் கூட்டினா 1729, 9-ஓட க்யூபும் 10-ஓட க்யூபும் கூட்டினாலும் அதே 1729. இப்ப ரெண்டாவது சீசன்ல கிறிஸ்துமஸ் எபிசோட போடுங்க, பெண்டருக்கு அவன செஞ்ச மெஷின் அம்மா ஒரு வாழ்த்து அட்டை அனுப்புது, அதுல மகன் நம்பர் 1729ன்னு இருக்கும். கண்ணிமைச்சா போச்சு. கேப்டன் ஸாப் ப்ரானிகனோட நிம்பஸ் கப்பல் வர்றப்ப பக்கவாட்டுல பாருங்க, பிபி 1729. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல்ல படிச்ச ஒரு மனுஷன் 1920ல முப்பத்திரெண்டு வயசுல போய்ட்டார், அவர் படுக்கைல சொன்ன நம்பர் ஆயிரம் வருஷம் தள்ளி ஒரு விண்வெளி கப்பல் மேல எழுதியிருக்கு, அதப் பாக்கறப்ப எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

அதோட விடல அவங்க. பெண்டர் மாதிரியே, ஆனா தாடியோட ஒரு ரோபோ வருவான், ஃப்ளெக்ஸோன்னு பேரு, ரெண்டு பேரும் சீரியல் நம்பர் சொல்லிக்கறாங்க, பெண்டரோடது 2716057, ஃப்ளெக்ஸோவோடது 3370318. கேட்டதும் ரெண்டு ரோபோவும் விழுந்து விழுந்து சிரிக்குது, நமக்கு ஒண்ணும் புரியாது. அக்கா பையன் சாட்ஸ்வொர்த்ல ஹைஸ்கூல் படிக்கறான், தமிழ் நல்லா பேசுவான் படிக்க வராது, அவன்தான் "மாமா நிறுத்துங்க, இதுவும் க்யூபா இருக்கும்"னு போன எடுத்து தட்ட ஆரம்பிச்சான். 119-ஓட க்யூப ரெண்டு தடவ கூட்டினா ஃப்ளெக்ஸோ நம்பர் வந்துருது. பெண்டரோடதுக்கு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினோம், 952-ஓட க்யூபும் மைனஸ் 951-ஓட க்யூபும், அதாவது நெகட்டிவ் நம்பரயும் சேத்துக்கணும். அதுக்கப்புறம் ராமானுஜன் யாரு எங்க பொறந்தாரு என்ன ஆச்சுன்னு அவனே கேக்க ஆரம்பிச்சான், அன்னிக்கு டிவிடி அத்தோட நின்னு போச்சு, ஈரோட்டுலேந்து கேம்பிரிட்ஜ் வரைக்கும் கதை சொல்லிக்கிட்டிருந்தேன்.

சின்னச் சின்னதா இன்னும் நிறைய இருக்கு. பெண்டர் ஃப்ளாட் நம்பர் 00100100, 0, 1 மட்டும் வச்சு எழுதற பைனரில அது 36, கம்ப்யூட்டர்ல எழுத்துக்கும் குறிக்கும் நம்பர் குடுக்கற ஆஸ்கி டேபிள்ல 36 டாலர் குறி, பணப்பேய்க்கு ஏத்த வீட்டு நம்பர். ஸ்லர்ம்ங்கற கூல் டிரிங்க் ஃபேக்டரி எபிசோட்ல அவன் மண்டைய எக்ஸ்ரே மாதிரி ஒண்ணுல பாக்கறப்ப உள்ள 6502 சிப் இருக்கும், ஆப்பிள் 2 கம்ப்யூட்டர்ல இருந்த அதே சிப். ஒரு பேய் எபிசோட்ல செவுத்துல ரத்தத்துல 0101100101ன்னு எழுதியிருக்கு, பெண்டர் பாத்துட்டு அசரவே மாட்டான், அப்புறம் கண்ணாடில திருப்பி தெரியறப்ப அலறுவான், ஏன்னா திருப்பினா 1010011010, அது பைனரில 666, சாத்தானோட நம்பர்.

வேற்றுகிரக எழுத்துக்கு தனியா ஒரு நோட்டு வச்சிக்கோங்க. செவுத்துலயும் விளம்பர போர்டுலயும் வர்ற அந்த கிறுக்கல் எல்லாம் படிக்கக்கூடியதுதான். மொத எழுத்து வகை சுலபம், ஒரு குறிக்கு ஒரு ஆங்கில எழுத்து, அவ்ளோதான், ஒளிபரப்பானதும் ரசிகருங்க சட்டுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. அதனால எழுதினவங்க ரெண்டாவதா ஒரு கஷ்டமான வகைய கொண்டு வந்தாங்க. அதுல ஒவ்வொரு குறிக்கும் 0லேந்து 25 வரைக்கும் ஒரு நம்பர், மொத குறி நேரா ஒரு எழுத்து, அடுத்ததுலேந்து இந்த குறி நம்பர்லேந்து முந்தின குறி நம்பர கழிக்கணும், மைனஸ் வந்தா 26 கூட்டிக்கணும், அப்ப வர்ற நம்பர்தான் எழுத்து. ஒரு குறிய தப்பா பாத்தா அடுத்த எழுத்தும் சேந்து தப்பாயிரும். ஓடற படத்துல இத செய்யவே முடியாது, ஃப்ரேம நிறுத்தி பேப்பர்ல எழுதித்தான் ஆகணும், இதுக்காகவே டிவிடி வேணும்ங்கறேன்.

ஆனா ஒண்ணு, நம்பர் விளையாட்டோட நின்னிருந்தா நான் இவ்ளோ எழுத மாட்டேன். இந்த செட்டோட உண்மையான மதிப்பு கன்டினியூட்டிதான், அதாவது முன்னாடி போட்டத பின்னாடி கொண்டுவந்து கோக்கற கதைத் தொடர்ச்சி. இதுக்கு கீழ கதை உடையும், பாக்காதவங்க அடுத்த மூணு பாராவ தாண்டி போயிருங்க.

மொத எபிசோட், ஃப்ரை நாற்காலில சாஞ்சு ஆடிக்கிட்டே புதுவருஷத்துக்கு காத்திருக்கான், நாற்காலி சாஞ்சு பெட்டிக்குள்ள விழறான். அந்த இடத்துல மெதுவா ஃப்ரேம் ஃப்ரேமா போங்க, மேஜைக்கிட்ட ஒரு சின்ன உருவத்தோட நிழல் தெரியும். அது 1999ல போட்டது. அது யாருன்னு 2003ல நாலாவது சீசன்லதான் சொல்றாங்க, லீலா செல்லமா வளக்கற நிப்ளர்தான் அவன வேணும்னே விழ வச்சிருக்கு. நாலு வருஷம் அந்த நிழல வச்சிக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்காங்க, நடுவுல சேனல்காரங்க ஞாயித்துக்கிழமை ஃபுட்பாலுக்காக எபிசோட தள்ளித் தள்ளி போட்டு சீரிஸ் நிக்குமா நிக்காதாங்கற நிலைமை வேற. எவ்ளோ பொறுமை வேணும் இதுக்கு!

அதே மாதிரி ஃப்ரையோட மூளை. மூணாவது சீசன்ல பறக்கற மூளைங்க வந்து உலகத்தையே முட்டாளாக்குது, ஃப்ரைக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. அப்ப அது அவன் ஏற்கெனவே முட்டாள்ங்கற ஜோக் மாதிரிதான் படும். அதே சீசன்ல ரோஸ்வெல் எபிசோட், எல்லாரும் 1947க்கு போறாங்க, ஃப்ரை தனக்குத்தானே தாத்தா ஆயிடறான், 2002ல எம்மி விருது வாங்கின எபிசோட் அது, அதுவும் தனியா ஒரு கிறுக்கு காமெடின்னு நினைப்போம். அப்புறம் நாலாவது சீசன்ல, தனக்குத்தானே தாத்தா ஆனதாலதான் அவன் மூளைல ஒரு அலை இல்ல, அந்த அலை இல்லாததாலதான் அந்த மூளைங்களால அவன தொட முடியல, அதுக்காகத்தான் நிப்ளர் அவன உறைய வச்சு எதிர்காலத்துக்கு அனுப்பிச்சுதுன்னு மூணையும் ஒரே முடிச்சுல கட்டறாங்க. இத தெரிஞ்சிக்கிட்டு திரும்பி மொத டிஸ்க்க போட்டா அந்த பீட்சா பையன் மேல வர்ற பாசமே வேற.

எனக்கு ரொம்ப பிடிச்சது லீலாவோட அப்பா அம்மா. அவ அனாதை இல்லத்துல வளந்தவ, தான் வேற கிரகத்து ஆளுன்னு நம்பிக்கிட்டிருக்கா. 2002ல வர்ற எபிசோட்லதான் அவள பெத்தவங்க கதை நடக்கற நியூ நியூயார்க்குக்கு அடியில சாக்கடைல வாழற, உடம்பு விகாரமா மாறிப்போன ம்யூட்டன்ட்டுங்க, பொண்ணு மேல போய் நல்லா வாழணும்னு விட்டுட்டாங்கன்னு தெரியுது. ஆனா 2000த்துலயே, ரெண்டாவது சீசன்ல அவங்க எல்லாம் சாக்கடைக்குள்ள இறங்கற எபிசோட்ல, ம்யூட்டன்ட் கூட்டத்துக்கு நடுவுல பின்னாடி பாருங்க, ஒத்தக்கண்ணோட அந்த ரெண்டு பேரும் நிக்கறாங்க. வசனம் கிடையாது, கேமரா அவங்க பக்கம் திரும்பறது கூட கிடையாது. பொண்ணு கண்ணு முன்னாடி நிக்கறா, பெத்தவங்க வாயத் திறக்காம பாத்துக்கிட்டிருக்காங்க. அத நிறுத்தி வச்சு பாத்தப்ப கண்ணு கலங்கிருச்சு, பொய் சொல்லல.

டிவிடில பாக்க இன்னொரு காரணம் வரிசை. சேனல்ல போட்டப்ப தயாரிச்ச வரிசைய கலைச்சு அஞ்சு சீசனா ஆக்கிட்டாங்க, டிவிடில தயாரிச்ச வரிசைப்படி நாலு சீசன், 13, 19, 22, 18 எபிசோட். மேல சொன்ன முடிச்செல்லாம் இந்த வரிசைல பாத்தாதான் சரியா உக்காரும். அப்புறம் 72 எபிசோடுக்கும் ஆடியோ கமெண்ட்ரி இருக்கு, க்ரோனிங், கோஹன், கூடவே குரல் கொடுத்த பில்லி வெஸ்ட், ஜான் டிமேஜியோ எல்லாம் நிறைய எபிசோட்ல உக்காந்து பேசறாங்க. எல்லாமே நல்லாருக்குன்னு சொல்ல மாட்டேன், சிலது வெறும் சிரிப்புச் சத்தம்தான், ஆனா எழுதினவங்க பேசறது வர்றப்ப நோட்டும் பேனாவும் பக்கத்துல வச்சிக்கோங்க.

குறைன்னா படத்தோட அளவு. பழைய டிவியோட 4:3 அளவு, சாதா டிவிடி தரம், பெரிய டிவில போட்டா பேப்பர் தலைப்பு, போர்டு எழுத்தெல்லாம் மங்கலாத்தான் தெரியும். நான் லேப்டாப்லதான் பாக்கறேன், யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒண்ணு வாங்கி, விஎல்சி ப்ளேயர்ல போட்டு, நிறுத்திட்டு இங்கிலீஷ் ஈ கீய அழுத்தினா ஒவ்வொரு ஃப்ரேமா நகரும், நிழல் கண்டுபிடிக்க இதவிட நல்ல வழி கிடையாது. லோட் ஷெடிங் உச்சத்துல இருந்த 2023ல கரண்ட்டும் இல்லாம வைஃபையும் இல்லாம ராத்திரி இருட்டுல உக்காந்திருந்தப்ப பேட்டரி இருக்கற வரைக்கும் இந்த டிஸ்க்தான் ஓடிச்சு. சின்ன பசங்களோட பாக்கறவங்க கவனம், பெண்டர் குடிப்பான், சுருட்டு பிடிப்பான், வாய் கொஞ்சம் நீளம், பத்து பன்னெண்டு வயசுக்கு மேலன்னா சரி.

இந்த செட்டுக்கு அப்புறம் வந்தது பத்தி கேப்பீங்க. 2007லேந்து நாலு படம் நேரா டிவிடில வந்துச்சு, அப்புறம் 2013 வரைக்கும் வேற சேனல், 2023ல திரும்பவும் ஆரம்பிச்சிருக்காங்க. அங்கயும் நல்லது இருக்கு, 2010ல ஆளாளுக்கு உடம்பு மாறிப் போற ஒரு எபிசோடுக்காக கீலர் உண்மையாவே ஒரு தேற்றம் நிரூபிச்சு அத போர்டுல எழுதி காமிச்சிருக்கார், கூட ரெண்டு பேர் இருந்தா எல்லாரும் அவங்கவங்க உடம்புக்கு திரும்பிடலாம்னு. ஆனா வருஷக்கணக்குல பொத்தி வச்சு அவுக்கற அந்த பழைய பொறுமை எனக்கு அப்புறம் வந்ததுல அவ்வளவா தென்படல. காசு அளவாத்தான் இருக்குன்னா பழைய நாலு சீசன மட்டும் வாங்குங்க, மிச்சம் இருந்தா 2007 படம், பெண்டர்ஸ் பிக் ஸ்கோர், அத மட்டும் தனியா தேடிப் பிடிங்க. அதுல ஒரு டாக்ஸி வரும், மேல நம்பர் 87539319. நெகட்டிவ் நம்பர சேத்துக்காம, ரெண்டு க்யூபோட கூட்டலா மூணு விதமா எழுதக்கூடிய ரொம்ப சின்ன நம்பர் அது. மூணையும் நான் இங்க போட்டுக் கொடுக்க மாட்டேன், ஒண்ணு மட்டும் சொல்றேன், 167-ம் 436-ம். மத்த ரெண்டையும் கால்குலேட்டர எடுத்து நீங்களே பிடிங்க.