நீல உறை போட்ட டயதர்மி நுனி: ஒன்றரை வருடப் பாவனைக்குப் பிறகு

எங்கள் சத்திரசிகிச்சைத் தியேட்டரில், மின்சாரச் சூட்டால் இறைச்சியை வெட்டி இரத்தத்தை நிறுத்தும் டயதர்மிக் கருவியின் நுனிகளை எண்ணி வைப்பது என் பொறுப்பு. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு நிலத்தில் குனிந்து தேடுகிறவள் நான். ஒரு நுனி எத்தனை நாள் தாங்கும் என்பதில் அதனால் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. இந்த நீல நுனியைச் செய்யும் கம்பனியின் பெயரை எழுதப்போவதில்லை. அரச உத்தியோகத்தில் இருந்துகொண்டு விளம்பரம் செய்கிறாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

சாதாரண நுனி வெறும் உருக்குத் தகடு. பென்சில் என்று நாங்கள் சொல்லும் கைப்பிடியில் செருகினால் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் உலோகம் மூடாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். தோலோடு ஒட்டிய வேலைக்கு அது போதும். ஒடுங்கிய ஆழமான காயத்துக்குள் இறங்கினால்தான் தொல்லை. நுனி இறைச்சியில் இருக்கும். பக்கவாட்டு உள்ளே இருக்கும் எலும்புத் தகட்டிலோ ஸ்குரூவிலோ முட்டும். "டிக்" என்று ஒரு பொறி. மின்சாரம் போக வேண்டிய இடத்தை விட்டு உலோகத்தில் பாய்ந்துவிடும். நுனியில் ஊசி குத்தினாற்போல் குழி விழும், அந்தக் குழியில் கரி பிடிக்கும், கரி பிடித்தது சரியாக வெட்டாது. உடனே வைத்தியர் "கூட்டுங்கள் சிஸ்டர்" என்பார். வலுவைக் கூட்டினால் அடுத்த பொறி இன்னும் பெரிதாக வரும். இப்படிப் பாழான நுனிகளை ஒரு பழைய பால்மா ரின்னில் போட்டு வைத்திருக்கிறேன்.

வன்னியில் இது அடிக்கடி நடக்கும். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து தொடையில் கம்பி வைத்தவர்கள், உழவு இயந்திரம் புரண்டு முழங்கால் நொறுங்கியவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக 2009 இல் ஷெல் துண்டுகளை உடம்பில் சுமந்துகொண்டு வெளியே வந்தவர்கள். குடலிறக்கத்துக்கு வந்த ஒருவரின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "ஐயா, உள்ளே துண்டு இருப்பதை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "எந்தத் துண்டைக் கேட்கிறீர் பிள்ளை?" என்றார்.

இந்த நீல நுனியில் உலோகத்தின் மேல் காப்பு உறை ஏற்றியிருக்கிறார்கள். முனையில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் மட்டும்தான் திறந்திருக்கும். பக்கவாட்டு எதில் முட்டினாலும் பொறி இல்லை. கம்பி எடுக்கும் சத்திரசிகிச்சைகளில் வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. பழைய தழும்பைக் கீறிக்கொண்டு தகட்டின் ஓரமாகப் போனபோது ஒரு தடவைகூட "டிக்" கேட்கவில்லை. காயத்தை விரித்துப் பிடிக்கும் கொக்கிகளும் உலோகம்தான். அவற்றில் முட்டி விளிம்புத் தோல் கருகுவதும் நின்றுவிட்டது.

ஆனால் அந்த 3 மில்லிமீற்றருக்கு உறை இல்லை. முனையையே கொண்டுபோய்த் தகட்டில் வைத்துப் பொத்தானை அமத்தினால் இதுவும் குழிவிழும். உலோகத்துக்கு அருகே வந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும், அல்லது இரண்டு கவைக்கும் இடையில் மட்டும் மின்சாரம் ஓடும் பைபோலர் இடுக்கிக்கு மாற வேண்டும். நட்டம் நுனியோடு நிற்பதும் இல்லை. செயற்கை இடுப்பு மூட்டின் தைட்டேனியக் கழுத்தில் டயதர்மி பட்ட வடுவிலிருந்து வெடிப்புத் தொடங்கி, பின்னாளில் கழுத்தே முறிந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. மின்சாரம் உடம்பிலிருந்து இயந்திரத்துக்குத் திரும்பிப் போகத் தொடையில் ஒட்டும் பிளேற்றின் கதையும் அப்படித்தான். வலது தொடையில் கம்பி இருப்பவருக்கு அதை இடது தொடையில் ஒட்டுவதற்குப் புது நுனி உதவாது. அது நம் தலையில்தான் இருக்க வேண்டும்.

அமெரிக்கக் காணொளிகளில் டயதர்மியைப் "போவி" என்கிறார்கள். 1926 இல் பொஸ்டனில் குஷிங் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் முதன்முதலில் பாவித்த இயந்திரத்தைச் செய்தவரின் பெயராம். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகியும் பொறி பறக்கும் பிரச்சினை தீரவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

உறை இல்லாத காலத்தில் நாங்களே உறை செய்தோம். சிவப்பு ரப்பர் கதீற்றர் குழாயை ஒரு துண்டு வெட்டி நுனியில் மாட்டிவிடுவது. 2022 இல் எதற்கும் தட்டுப்பாடு என்றிருந்தபோது நானும் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். ரப்பர் தீப்பிடிக்கும்; வாய், தொண்டைப் பக்கம் ஒட்சிசன் ஓடும் இடத்தில் என்ன நடக்கும் என்று பிறகு வாசித்தபோது வயிற்றைப் பிசைந்தது. இந்த நுனியை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனிக் குறைகள். விலை சாதாரண நுனியைப்போல் நான்கு மடங்குக்குக் கிட்ட. பொதியைக் கையுறையோடு பிரிப்பது பெரும் பாடு. கிருமி நீக்குவதற்கு 134 பாகை நீராவியில் அவித்து அவித்து எடுக்கும்போது, உறை முடியும் இடத்தில் மெல்ல மேலெழும்பும். அந்த இடுக்கில் இரத்தம் கருகி ஒட்டும். ஒவ்வொரு தடவையும் பூதக்கண்ணாடியால் பார்க்கிறேன், ஏனென்றால் வெடித்த உறை உறையே இல்லாததைவிட மோசம். மின்சாரம் முழுவதும் அந்தச் சின்ன ஓட்டையால் பாய்ந்து, யாருடைய கண்ணுக்கும் தெரியாத இடத்தைச் சுடும். முதலில் வந்த ஐந்தில் இரண்டு இன்னும் ஓடுகின்றன. இரண்டை உறை கிளம்பியதால் ஒதுக்கினேன். ஐந்தாவதைக் கெடுத்தது நான். முனையில் இறைச்சி ஒட்டாத பூச்சு ஒன்று உண்டு. பழைய பழக்கத்தில் அதை உரஞ்சு பட்டையில் தேய்த்துவிட்டேன். ஈரத் துணியால் துடைத்தால் போதும் என்று பொதிக்குள் இருந்த தாளில் எறும்பு எழுத்தில் எழுதியிருந்தது. அன்று மூக்குக்கண்ணாடி வீட்டில்.

நிமிடத்துக்கு அல்ல, நொடிக்கு 55,500 தடவை அதிரும் அல்ட்ராசொனிக் கத்திக்கும் இப்படி ஒரு உறை வராதா என்று புதிதாக வந்த தங்கச்சி கேட்டாள். வெட்டும் அலகே அதிர வேண்டியது, அதை எப்படி மூடுவது? நோயாளியின் உடம்பில் இருந்த பழைய உலோகக் கிளிப் ஒன்றில் பட்டு எங்களுடைய கத்தி ஒருநாள் அபாய ஒலி எழுப்பிக் கூச்சலிட்டது. வெறும் கண்ணுக்கு ஒரு கீறலும் இல்லை. நிபுணர் அதை மறுபடி தொடவில்லை, புதியது வரும்வரை நூலால் கட்டியே வேலையை முடித்தார்.

எலும்பு, குடலிறக்கம், ஷெல் துண்டு எடுக்கும் பட்டியல்கள் உள்ள தியேட்டருக்கு இதை வாங்கலாம். சின்னக் கட்டி, கொப்புளம் வெட்டுவதற்கு இதை எடுத்துக் கொடுக்காதீர்கள், பழைய தகடே போதும். அடுத்த கொள்வனவுக்குப் பத்து வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்டோர் ஐயா ஆறாக்கிவிட்டார். பால்மா ரின்னை அவருடைய மேசையில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன், பார்ப்போம்.