முன்சப்பையா, முதுகுக்கறியா? மீனில் நடுத்துண்டா, வாலா?

கறி வாங்கும்போது பலரும் கேட்பது, "எது மெத்தென்று இருக்கும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அடுப்பு எவ்வளவு நேரம் எரியப் போகிறது? அது முடிவானால் எந்தப் பகுதி என்பதும் பாதி முடிவாகிவிடும்.

நாலுகால் பிராணி எதுவானாலும் உடம்பைச் சுமக்கும் தசை ஒரு மாதிரி வேகும், சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் தசை வேறு மாதிரி வேகும். கழுத்தும் முன்சப்பையும் (முன்னங்காலின் தோள்பகுதி) கணுக்காலும் நாளெல்லாம் உழைப்பவை. அவற்றின் சதைக்கு நடுவே ஜவ்வு ஓடும், நிறமும் கருஞ்சிவப்பாக இருக்கும். முதுகெலும்பின் உட்புறம் நீளமாக ஒட்டியிருக்கும் சதைக்கோ பெரிய வேலை கிடையாது. அதனால் அவ்வளவு மிருது.

அந்த மிருதுவான சதையை ஒருமுறை குழம்பில் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்க விட்டேன். நல்ல கறி, நன்றாக வேகட்டுமே என்ற நினைப்பு. வாயில் போட்டால் மரத்தூள். கறியின் உட்சூடு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தசைநார் சுருங்கி, தன்னிடமுள்ள சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். முன்சப்பையும் இதிலிருந்து தப்பாது. ஆனால் அங்கே ஜவ்விலுள்ள கொலாஜன் என்ற புரதம், 70 டிகிரிக்கு மேல் ஈரச் சூட்டில் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாகிவிடும். காய்ந்த நாருக்கு நடுவே அது வழுவழுவென்று பரவ, கறியில் இன்னும் சாறு இருப்பதாக நாக்கு நம்பிவிடுகிறது. முதுகுச் சதையில் கரைவதற்கு ஜவ்வும் இல்லை. மிச்சம் சக்கைதான்.

வாணலியில் சட்டென்று வாட்டி எடுக்க முதுகுக்கறியை மிஞ்ச ஒன்றுமில்லை. நேரம் இருக்கிறதா, நான் முன்சப்பையை விட்டு வேறெதையும் தொட மாட்டேன். குக்கருக்கும் அதுவே சரி. உள்ளே சூடு ஏறக்குறைய 120 டிகிரி வரை போவதால் ஜவ்வு சீக்கிரம் கரைந்துவிடும்.

என்னை அதிகம் ஏமாற்றியது பின்தொடை. எலும்பு குறுக்கிடாத பெரிய சதை, பார்க்க அழகு. ஆனால் கொழுப்பு குறைவு, காப்பாற்ற முன்சப்பை அளவுக்கு ஜவ்வும் இல்லை. நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்கினால் பிழைத்துக்கொள்ளும். நாரை முன்கூட்டியே கத்தி அறுத்துவிடுவதால் பல்லுக்கு வேலை குறைகிறது. கொத்துக்கறியில் நடப்பதும் இதுதான், அதனால் எந்தக் கடினமான பகுதியும் அதற்கு உதவும். ஒரே எச்சரிக்கை: முழுத் துண்டின் மேற்பரப்பில் இருக்கும் கிருமிகள் கொத்தும்போது உள்ளேயும் கலந்துவிடும். கொத்துக்கறி 71 டிகிரி வரை வெந்தே ஆக வேண்டும்.

கோழியில் நெஞ்சா, தொடையா என்ற சண்டையை நான் எப்போதோ முடித்துவிட்டேன். தொடைதான். பாதுகாப்பாக வேக இரண்டுக்கும் 74 டிகிரி தேவை. அதற்கு மேல் போகப் போக நெஞ்சுக்கறி வறண்டுகொண்டே வரும். தொடையோ 80ஐத் தாண்டியும் இன்னும் நன்றாக இருக்கும். கவனம் சிதறும் சமையல்காரருக்கு அதுவே தோழன்.

அப்புறம் மீன். இங்கே மேலே சொன்ன கணக்கு செல்லாது. உடம்பின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் மீனுக்குத் தடித்த ஜவ்வு தேவைப்படுவதில்லை. இருக்கும் மெல்லிய ஜவ்வும் 50, 55 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். வெந்த மீன் இதழ் இதழாகப் பிரிவது அதனால்தான். ஆகவே மீனில் எது மெத்தென்று இருக்கும் என்று தேடுவது வீண். தடிமன், கொழுப்பு, முள் இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

குறுக்கே வெட்டிய நடுத்துண்டில் நடுமுள்ளும் சுற்றித் தோலும் இருப்பதால், சாற்றில் கொதிக்கும்போது உருக்குலையாது. முள் நீக்கிய சதையை அதே சாற்றில் போட்டுக் கரண்டியால் கிளறினால் கொஞ்ச நேரத்தில் மீனைத் தேட வேண்டியதுதான். முள் நீக்கிய அந்தச் சதையையே தோலோடு வாங்கி, தோல் பக்கம் கீழே இருக்கும்படி கல்லில் போட்டால் மொறுமொறுப்புக்கு நடுத்துண்டு பக்கத்தில் வர முடியாது.

வாலைப் பலர் ஒதுக்குவது ஏன் என்று புரியவில்லை. வயிற்றறை முடிந்தபின் விலா முள் கிடையாது. கெண்டை போன்ற சில வகைகளில் மட்டும் சதைக்குள் ஒளிந்திருக்கும் நுண்முள் வாலிலும் உண்டு. வாலின் குறை அதன் மெலிவுதான். நடுத்துண்டோடு சேர்த்துப் போட்டால் அது வேகும் முன் இது காய்ந்துவிடும். கடைசியில் போடுங்கள், தகராறு இல்லை. சூரை, சால்மன் போன்ற கொழுப்பு மீன்களில் ருசிக்கு வயிற்றுப் பகுதிதான் முதலிடம். ஆனால் பல நாள் வைத்தால் காறல் வாடை முதலில் பிடிப்பதும் அங்கேதான். வாங்கிய அன்றே சமைத்துவிடுவது நல்லது.

தலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கன்னத்தில் விரல்நுனி அளவுச் சதை, சாற்றைக் கெட்டியாக்கும் ஜெலட்டின், உறிஞ்ச ஏகப்பட்ட இடுக்குகள். எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் எனக்கு மிஞ்சாது.