அம்மம்மாவுக்கு வீ.ஆர். கண்ணாடியா, கதைக்கும் ஏஐயா?

எங்கள் அம்மம்மாவுக்கு வயது 82. ஊரில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்கிறார்கள், டொக்டர் டிமென்ஷியா என்றார். காலையில் சாப்பிட்டது நினைவில்லை, ஆனால் இளமையில் யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குப் போனதை நேற்றுப் போலச் சொல்வார். டிமென்ஷியாவின் பொதுவான வகையான அல்சைமரில், புதியதைப் பதியும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி முதலில் பழுதாவதால் பழையது கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கிறது. அதைப் பிடித்துக் கதை கொடுப்பதுதான் நினைவுமீட்டல் சிகிச்சை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 மீளாய்வும் பயன் உண்டு, ஆனால் சிறிது என்றே சொன்னது. சிறிதாக இருந்தாலும் எங்களுக்கு அது பெரிதுதான்.

இதற்கு உதவுமா என்று வீ.ஆர். கண்ணாடியை முதலில் பார்த்தோம், கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்தது. தலையில் மாட்டினால் 360 பாகைக் காணொளி சுற்றிவரத் தெரியும். அரைக் கிலோ பாரம், ஐந்து நிமிடத்தில் தலை சுற்றியது. ஆனாலும் ரயில் ஜன்னல் காட்சி வந்ததும் அம்மம்மாவின் கை கம்பியைத் தேடியதே, அதை வேறு எதுவும் செய்யவில்லை. அடுத்து நல்லூர்த் தேர் போட்டோம், அது எங்கள் பிழை. சனக்கூட்டத்தைக் கண்டதும், "எல்லாரும் வெளிக்கிட்டினமோ? நாங்கள் இன்னும் பெட்டி கட்டேல்லையே" என்று நடுங்கத் தொடங்கிவிட்டார். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாண நகரம் உள்ள வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்ததே, அந்தக் கூட்டத்துக்குள் போய்விட்டார். கண்ணை மூடிய கண்ணாடிக்குள் எங்கள் முகமும் தெரியாது. யாழ்ப்பாணத்து முதியவர்களுக்கு எதைக் காட்டுகிறோம் என்பதில் மிகவும் கவனம் வேண்டும்.

கதைக்கும் ஏஐக்குப் பொறுமை அதிகம், ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்டாலும் சலிக்காது. ஆனால் எங்கள் பேச்சு அதற்குச் சரியாகப் பிடிபடவில்லை. அதைவிட மோசம், தெரியாததையும் தெரிந்தது போல் சொன்னது. அம்மம்மாவின் ஐயா என்ன தொழில் செய்தார் என்று அது இட்டுக்கட்டிச் சொல்ல, அம்மம்மா அப்படியே நம்பிவிட்டார். மறதி உள்ளவருக்குச் சரிபிழை பார்க்க என்ன இருக்கிறது? செத்தவர்களின் குரலில் பேசவைக்கும் வசதியை நான் தொடவே மாட்டேன்.

என் தெரிவு இரண்டும் இல்லை. அதே 360 பாகைக் காணொளியை டாப்லெட்டில் போட்டு, பக்கத்தில் இருந்து விரலால் திருப்பிக் காட்டுகிறோம், முகம் மாறினால் உடனே நிறுத்தலாம். ஏஐயைப் படங்களுக்கு மட்டும் விட்டிருக்கிறேன். அதுவும் கலியாணப் படத்துக்கு நிறம் கொடுத்தபோது கூறையைப் பச்சையாக்கிவிட்டது. "இது என்ரை கூறை இல்லை, என்ரை அரக்கு" என்று தொடங்கிய அம்மம்மா, அதை வாங்கப் போன கதையை அரை மணித்தியாலம் சொன்னார்.