ரீலோட் செய்த ஆயிரம் ரைஃபிள் தோட்டாக்கள்: சுட்டது 412, பிரித்தது 588

நேற்றிரவு கடைசித் தோட்டாவையும் பிரித்து முடித்தேன். ரீலோட் செய்து பெட்டி போட்டு விற்கும் ஒரு நிறுவனத்திடம் இரண்டு வருடம் முன்பு .308 வின்செஸ்டர் தோட்டா மொத்தமாக ஆயிரம் வாங்கியிருந்தேன். சுட்டது 412. மீதி 588இலும் குண்டைப் பிடுங்கி, வெடிமருந்தைக் கொட்டிவிட்டேன். அப்படியே விற்றுவிடலாமே என்று பலர் கேட்டார்கள். ஏன் விற்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ரீலோட் என்பதே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. சுட்டபின் மிஞ்சும் பித்தளை உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் (உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), புது மருந்து, புதுக் குண்டு வைத்தால் அது திரும்பவும் தோட்டாதான். பல வருடமாக என் தோட்டாக்களை நானே நிரப்புகிறேன். அந்தச் சமயம் வேலைப்பளுவில் உட்கார நேரமில்லை. புதுத் தோட்டாவின் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிடைத்ததால், பயிற்சிக்குப் போதும் என்று வாங்கினேன்.

முதல் 300 தோட்டா வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. 100 மீட்டரில் இரண்டு அங்குலத்துக்குள் குண்டுகள் விழுந்தன. அந்த 300தான் என்னை ஏமாற்றியது. முதல் பெட்டியிலேயே கோளாறு தெரிந்திருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. சில தோட்டாக்களுக்கு போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னால் அடைக்கும் உருளை) மூடவே கையை அழுத்த வேண்டியிருந்தது, உறையைச் சரியான அளவுக்குச் சுருக்கவில்லை. சிலவற்றின் அடியைத் தடவினால் பிரைமர் விரலில் தட்டியது. பிரைமர் உறையின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை உள்ளேயோ இருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால், சில செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களில் போல்ட் வந்து மோதும் வேகத்திலேயே விசையைத் தொடாமல் வெடித்துவிடலாம். என்னுடையது கையாலேயே மூடித் திறக்கும் போல்ட் ஆக்‌ஷன் என்பதால் அந்த ஆபத்து குறைவு. துருத்தியதை ஒதுக்கிவிட்டு மற்றதைச் சுட்டேன்.

ஒருநாள் சுட்டவுடன் முகத்தில் சூடாக ஏதோ அடித்தது. கண்ணாடி போட்டிருந்தேன், கண் தப்பியது. போல்ட்டை இழுத்தால் உறையின் அடிப்பாதி மட்டும் வந்தது, மேல்பாதி சேம்பருக்குள்ளேயே (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) நின்றுவிட்டது. உறை ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் கொஞ்சம் நீளும். யாரோ ஒருவரின் தளர்ந்த சேம்பரில் வெடித்த உறையை எடுத்து, உறையின் தோளை (கழுத்துக்குக் கீழே சரிவாக இருக்கும் பகுதி) அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளிச் சுருக்கினால், அடுத்த வெடிப்பில் அது இன்னும் அதிகமாக இழுபடும். அடித்தளத்துக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, கடைசியில் அங்கேயே அறுந்துபோகும். .308க்கு அமெரிக்காவில் துப்பாக்கி, தோட்டாத் தரங்களை வகுக்கும் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. அமைப்பு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் அடிக்கும் காற்று 30 சொச்சம். அவ்வளவு அழுத்தமுள்ள வாயு நம் முகத்துப் பக்கம் கசியாமல் அடைப்பது அந்தப் பித்தளைச் சுவர்தான்.

அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். உடைந்த உறையை எடுத்த கையோடு மற்ற உறைகளில் சுவர் மெலிந்ததற்கு அடையாளமாக வெளியே பளிச்சென்று வளையம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை என்றதும் தொடர்ந்தேன். அது பெரிய தவறு.

412ஆவது தோட்டாவில் "டமார்" என்பதற்குப் பதில் "பட்" என்று ஒரு சத்தம். தோளில் உதையே இல்லை. என்ன நடந்தது என்று யோசிக்கும் முன்பே கை பழக்கத்தில் போல்ட்டுக்குப் போய்விட்டது. பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த மூத்தவர் ஒருவர் கத்தினார்: "தம்பி, கையை எடு! குழல் முன்னாடியே பார்த்திருக்கட்டும்." அரை நிமிடம் அசையாமல் காத்திருந்தோம், தாமதமாக வெடிக்கவும் வாய்ப்புண்டு. பிறகு திறந்தால் வெற்று உறை, கூடவே எரியாத மருந்துத் துகள்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழலை வெளிச்சத்தில் பார்த்தால் மறுபக்கம் தெரியவில்லை. குண்டு உள்ளே சிக்கியிருந்தது.

மருந்தே இல்லாத தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்தால், குண்டு பெரும்பாலும் சேம்பரை ஒட்டிக் குழலின் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அடுத்த தோட்டா முழுதாக உள்ளே போகாது, நமக்கும் தெரிந்துவிடும். கொஞ்சம் மருந்து இருந்தால்தான் பயம். குண்டு நன்றாக உள்ளே போய் நிற்கும், அடுத்த தோட்டாவும் தடையில்லாமல் ஏறும். அதைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். என் குண்டு நின்றது குழலின் நடுவில். துப்பாக்கி பழுதுபார்ப்பவர் பித்தளைக் கம்பியால் தட்டி எடுத்துக் கொடுத்தார். குழலுக்குச் சேதமில்லை. அந்த மூத்தவர் மட்டும் அன்று பக்கத்தில் இல்லையென்றால் நிலைமை என்ன என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். முதல் மின்னஞ்சலுக்குப் பதிலில்லை. இரண்டாவதற்கு, திறக்காத பெட்டிகளை மட்டுமே திரும்ப எடுப்போம் என்றார்கள். பெட்டியில் லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) எதுவும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். லாட் எண் இல்லையென்றால் எந்த நாள், எந்த மெஷினில் தவறு நடந்தது என்று அவர்களாலேயே தேட முடியாது. ரைஃபிள் கம்பெனியின் கையேட்டைப் புரட்டினால், ரீலோட் தோட்டாவால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. பெரும்பாலான கையேடுகளில் இந்த வரி உண்டு. வாங்கும் முன் நான் அதைப் படிக்கவில்லை.

வீட்டில் 20 தோட்டாவைப் பிரித்து மருந்தை எடைபோட்டேன். பெரும்பாலானவை 44 கிரெய்ன் பக்கம். ஒன்றில் 40.6, இன்னொன்றில் 46.1. ஒரு கிரெய்ன் என்பது 0.065 கிராம், கையில் வைத்தால் உணரவே முடியாது. போதாததற்கு உறைகள் பல கம்பெனிகளுடையவை, நடுவில் ராணுவ உறைகளும் இருந்தன. ராணுவ உறைக்குப் பொதுவாகச் சுவர் தடிமன் அதிகம், உள்ளிடம் குறைவு. ஒரே அளவு மருந்து அதில் கூடுதல் அழுத்தம் தரும். 46.1 இருந்தது அப்படி ஒரு உறையில்தான்.

முழுத் தோட்டாவை எடைபோட்டு நல்லதைப் பிரிக்க முடியாதா என்று முயன்றேன். முடியாது. உறைக்கு உறை இருக்கும் எடை வித்தியாசமே மருந்தின் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு. குலுக்கிப் பார்ப்பதும் உதவாது. கோளாறு உள்ளவை பத்தில் ஒன்றுதான் இருக்கலாம். ஆனால் அந்த ஒன்று எது என்று வெளியிலிருந்து சொல்ல வழியே இல்லை. மீதி ஒன்பதின் விலையையும் சேர்த்து அழிப்பது அதுதான்.

மறுவிற்பனைக்கு வருகிறேன். அனுபவமுள்ளவர்கள் மற்றவர் நிரப்பிய தோட்டாவைத் தொடவே மாட்டார்கள். விசாரித்ததில் இருவர் "பிரித்துக் கொடுத்தால் குண்டும் உறையும் எடுத்துக்கொள்கிறேன்" என்றார்கள். முழுத் தோட்டாவாக வாங்க முன்வந்தவர் ஒரே ஒருவர், ரைஃபிள் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத இளைஞர். நடந்ததைச் சொன்னேன். "பரவாயில்லை அண்ணா, பார்த்துச் சுடுகிறேன்" என்றார். பார்த்துச் சுடுவதற்கு அதில் ஒன்றுமில்லை என்று அவருக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. உரிமம் இல்லாமல் தோட்டா விற்பது பல நாடுகளில் குற்றம் என்பது ஒருபக்கம். உரிமம் இருந்தாலும் அவர் கையில் இதைக் கொடுத்திருக்க மாட்டேன்.

சரி, பிரிப்பதைப் பற்றி. சுத்தியல் மாதிரியான பிடுங்கியால் தொடங்கினேன், ஐம்பதுக்குள் கை மரத்துவிட்டது. பிறகு பிரெஸ்ஸில் (தோட்டா நிரப்பும் கைப்பொறி) மாட்டி, குண்டைக் கவ்வி இழுக்கும் கொலெட் புல்லர் வாங்கினேன், வேலை பாதியாகக் குறைந்தது. ரிம்ஃபயர் தோட்டாவை மட்டும் அந்தச் சுத்தியலில் அடிக்கவே கூடாது, அதன் விளிம்பிலேயே வெடிக்கும் கலவை இருக்கிறது. மருந்தை மறுபடி பயன்படுத்த ஆசைப்பட வேண்டாம், அது என்ன ரகம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. நான் புல்வெளியில் மெல்லியதாகத் தூவிவிட்டேன்.

எல்லா உறைகளிலும் நுனி வளைத்த மெல்லிய கம்பியை விட்டு உட்சுவரைத் தடவினேன். அடிப்பக்கம் பள்ளம் தட்டியவை 37. அவற்றைக் குறட்டால் நசுக்கிப் பழைய பித்தளையோடு போட்டேன். குண்டுகளையும் நல்ல உறைகளையும் அந்த இருவர் எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் சேர்த்து, போட்ட பணத்தில் கால் பங்குக்குச் சற்று மேல் திரும்பி வந்தது.

பள்ளம் விழுந்த ஓர் உறையை மட்டும் நெடுக்காக அறுத்து வைத்திருந்தேன். போன வாரம் அந்த இளைஞர் வந்தபோது காட்டினேன். பள்ளத்தை நகத்தால் இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, வேறொருவரிடம் ஏற்கெனவே ஐம்பது தோட்டா வாங்கி வைத்திருப்பதாக மெதுவாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறார், கொலெட் புல்லரை இன்னும் பிரெஸ்ஸிலிருந்து கழற்றவில்லை.