ஊருக்கு ஒரு ஸ்கீமாவா, எல்லாம் ஒரே டேபிளிலா?

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் மூன்று இடத்திலும் நண்டும் கணவாயும் எடுக்கிற ஒரு வியாபாரியின் கணக்கை போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒரு தனி டேட்டாபேஸ் என்ற யோசனையை முதலிலேயே தள்ளிவிடலாம். ஒரு டேட்டாபேஸில் இருந்துகொண்டு இன்னொன்றின் டேபிளை நேரடியாகக் கேட்க முடியாது, எக்ஸ்டென்ஷன் போட்டுத்தான் இணைக்க வேண்டும். பாம்பனில் நண்டு என்ன விலை, மண்டபத்தில் என்ன விலை என்று பார்ப்பதற்கு இவ்வளவு பாடா?

அடுத்தது ஊருக்கு ஒரு ஸ்கீமா, அதாவது ஒரே டேட்டாபேஸுக்குள் டேபிள்களைப் பிரித்து வைக்கும் தனி அறை மாதிரி. 'கிரியேட் ஸ்கீமா பாம்பன்' என்று அடித்தால் வேலை முடிந்தது. பேரைத் தமிழிலேயே வைக்கலாம், 63 பைட்டுக்குள் இருந்தால் போதும். ஒரே டேட்டாபேஸுக்குள் பாம்பன்.கொள்முதல், மண்டபம்.கொள்முதல் என்று ஒரே பேரில் டேபிள்கள், பாம்பன் ஆளுக்குப் பாம்பனில் மட்டும் அனுமதி, வேண்டுமானால் ஒரு ஊரை மட்டும் பேக்கப். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐஸ் செலவுக்குப் புதிதாக ஒரு ஃபீல்டு வேண்டுமென்றால் மூன்று ஸ்கீமாவிலும் ஆல்டர் டேபிள் ஓட்டியாக வேண்டும், ஒன்றில் விட்டுப்போனால் அன்றைக்குத் தெரியாது, மாசக் கடைசியில் மூன்றையும் யூனியன் ஆல் போட்டு ஒரே பட்டியலாக இழுக்கும்போதுதான் அப்படி ஒரு ஃபீல்டே இல்லை என்று எரர் வரும். நாளைக்குத் தொண்டியிலும் சரக்கு எடுத்தால் எல்லா ரிப்போர்ட்டையும் மறுபடி திருத்த வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் உட்கார்ந்து செய்துகொள்ளலாம் என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நிற்பது விசைப்படகுதான், நாட்டுப்படகுச் சரக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.

அதனால் நான் சொல்வது மூன்றாவது வழி: ஒரே கொள்முதல் டேபிள், அதில் 'இறங்குதளம்' என்று ஒரு ஃபீல்டு. விலை ஒப்பீடு, ஊர்வாரியாகத் தொகுக்கும் ஒரு குரூப் பை-யில் வந்துவிடும், தொண்டி சேர்ந்தால் ஊர்ப் பட்டியலில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். சரி, பாம்பன் கணக்குப்பிள்ளை மண்டபத்து வரியைப் பார்க்கக்கூடாதே? அதற்கு, யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்று விதி (பாலிசி) போடும் ரோ லெவல் செக்யூரிட்டி இருக்கிறது, 2016-இல் வந்த 9.5 பதிப்பிலிருந்தே. ஒன்று மட்டும் கவனம்: டேபிளின் ஓனருக்கும் சூப்பர்யூசருக்கும் இந்தத் தடுப்பு சாதாரணமாக வேலை செய்யாது, ஆப் அந்தப் பேரில் உள்ளே போனால் போட்ட பாலிசி எல்லாம் வீண்.

அப்போ ஸ்கீமாவே வேண்டாமா என்றால், வேண்டும். ஊர்வாரியாக இல்லாமல் வேலைவாரியாக: கொள்முதல், கூலி, ரிப்போர்ட். கூலிக் கணக்கை யார் பார்க்கலாம் என்பதை ஸ்கீமா அளவிலேயே அடைத்துவிடலாம்.

இதெல்லாம் போஸ்ட்கிரஸ் கதை, மற்ற டேட்டாபேஸ் மென்பொருள்களில் வேறு மாதிரி. மைஎஸ்க்யூஎல்லில் கிரியேட் ஸ்கீமா என்றாலும் கிரியேட் டேட்டாபேஸ் என்றாலும் ஒன்றுதான், அங்கே முதல் இரண்டு வழிக்கும் வித்தியாசமே கிடையாது. ஆரக்கிளில் யூசரை உருவாக்கினால் அவர் பேரிலேயே ஸ்கீமா வந்துவிடும். எஸ்க்யூலைட்டில் கிரியேட் ஸ்கீமா என்ற கட்டளையே இல்லை. அப்புறம் அழிக்கிற விஷயம்: உள்ளே டேபிள் இருக்கும்போது ட்ராப் ஸ்கீமா கொடுத்தால், கேஸ்கேட் (உள்ளே இருப்பதையும் சேர்த்து அழி) என்று சேர்க்காத வரை போஸ்ட்கிரஸ் மறுத்துவிடும். மைஎஸ்க்யூஎல் ஒரு வார்த்தை கேட்காமல் டேபிளோடு சேர்த்து அழித்துவிடும்.